ஒற்றைக்காதன் தலைக்கு உரியவர்

“அது எங்க பாட்டனோட தலை! எழுத்து மூலமா இருக்கு, எழுத்து…”

“பாட்டனா? அந்த மனுஷனுக்கு ஏதுய்யா பிள்ளை, நீங்க பேரன்னு வந்து நிக்க…”

“ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா இதே நாற்காலியில உக்காந்து கண்ணு பூத்துப்போய்த் தேடியிருக்கேன். நீ போன வாரம் வந்துட்டு…”

“நாங்க எதுக்குத் தேடணும்? தொலைச்சவங்கதான் தேடணும். எங்களுக்கு அவர் தாய்மாமன். ஏழு தலைமுறைக்கு முந்தின தாய்மாமன். எங்க வீட்டுல பால் குடிக்கிற குழந்தையைக் கேட்டாக்கூடச் சொல்லும்.”

“குழந்தை சொல்லுச்சுன்னு எந்தக் காலேஜ்காரனும் மண்டையோட்டைத் தூக்கிக் குடுக்க மாட்டான். பேப்பர் இருக்கா? ஒரு துண்டுப் பேப்பர்?”

“நீங்க காதைப் பாத்தீங்களா? ஒரு காது அறுந்தவர் அவரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் இடது காது சின்னது.”

“மண்டையோட்டுல காதைத் தேடுறா பாரு! எந்த மண்டையோட்டுக்கும்மா காது இருக்கு?”

ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைச் சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே நின்றுகொண்டு இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவர் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் சங்குக்கு மேலே குரல் எடுத்துப் பழகியவர். இன்னொருத்தி ஐஸ் பேக்டரியில் பாளம் உடைக்கிறவள். அவளுக்கும் இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பழகிய குரல். காப்பக அதிகாரி நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தார், போக்குவரத்துக் காவலர் மாதிரி. வண்டிகள்தான் நிற்கவில்லை.

பைண்டிங் அறை வாசலில், விரலில் காய்ந்த பசையோடு இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் ஊசியக்கா. முப்பத்தோரு வருஷமாகக் காப்பகத்தின் கிழிந்த தொகுதிகளைத் தைக்கிறவள். அவளுக்கு வீட்டில் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இன்னும் இரண்டு மாசத்தில் அதிலும் இருக்காது.

இழுவைப் படகுக்காரர் அவளைப் பார்த்துவிட்டார்.

“தங்கச்சி, வா இங்க. நீயே சொல்லு இந்தம்மாவுக்கு.”

ஐஸ்காரம்மா திரும்பி, அவளைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை அளந்தாள். “ஓ, தங்கச்சியா? அப்பச் சரி. தீர்ப்பை எழுதி, மடிச்சு, பசையும் தடவியாச்சு. நான்தான் பைத்தியக்காரி மாதிரி அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.”

ஒற்றைக்காதன் கதை அந்தத் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கம்பெனிக்காரர்கள் ஆண்ட காலத்தில், அவர்களுடைய கப்பல்களை நடுக்கடலில் மறித்து மூன்று வருஷம் ஆட்டம் காட்டிய கொள்ளைக்காரன். பிடித்துத் தூக்கில் போட்டார்கள். போட்டும் மனசு ஆறாமல் தலையை வெட்டிக் கம்பெனி டாக்டரிடம் கொடுத்தார்கள். டாக்டர் அதை அளந்து, நெற்றியில் எண் எழுதி, அலமாரியில் வைத்தார். அந்த அலமாரி கைமாறிக் கைமாறி மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. எத்தனையோ தலைமுறை மாணவர்கள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று எலும்புகளின் பேரை மனப்பாடம் செய்துவிட்டுப் போனார்கள். இப்போதுதான் யாருக்கோ மனசு உறுத்தி, கல்லூரி ஓர் அறிவிப்பு விட்டிருந்தது: வம்சத்தார் வந்தால் தலையைத் தருகிறோம், கொண்டுபோய் அடக்கம் செய்துகொள்ளலாம். வம்சத்தார் யார் என்பதற்கு, பழைய வழக்குத் தொகுதியைப் பார்த்துக் காப்பகம் சான்று தர வேண்டும்.

அண்ணனிடம் தாள் இருந்தது. நாற்பத்தொன்றாம் தொகுதி, ஐம்பத்தெட்டாம் தாள். கைதிக்கு உறவினர் யாராவது உண்டா என்று கோர்ட்டு கேட்கிறது. ‘கைதியின் மனைவி ஆஜராகி, தான் இரட்டைக் கிணற்றடியில் கயிறு திரிப்பவரின் மகள் என்றும், தனக்கு ஆறு மாதக் கைக்குழந்தை உண்டு என்றும் சொன்னாள்’ என்று அந்தத் தாள் சொல்கிறது. இரட்டைக் கிணற்றடி, அண்ணனும் தங்கையும் பிறந்த தெரு. அங்கே கயிறு திரித்தது ஒரே ஒரு குடும்பம், அவர்களுடையது. அப்புறம் வேறென்ன வேண்டும்?

அதிகாரி சான்றுப் பாரத்தை எடுத்து ஊசியக்காவிடம் நீட்டினார். வயசில் சின்னவர், சண்டை என்றால் வேர்த்துவிடும். “இந்தாங்கக்கா. ‘தொகுதி மூல வரிசைப்படி முழுமையாக உள்ளது’, அவ்வளவுதான். நீங்கதானே கடைசியாத் தைச்சது? ஒரு கையெழுத்துப் போடுங்க, கீழ நானும் போட்டு மூணு மணிக்குள்ள அனுப்பிடறேன். இந்தச் சத்தம் இன்னையோட முடியட்டும்.”

“போடுங்க, போடுங்க,” என்றாள் ஐஸ்காரம்மா. “அவருக்குக் கல்யாணமே ஆகலை. கூடப் பிறந்தது ஒரே அக்கா. கரையில மீன் அறுத்த அக்கா. அந்த அக்கா வயித்துல வந்தவங்கதான் நாங்க. இதுல பொண்டாட்டி எங்கேர்ந்து முளைச்சா?”

“அக்காவும் எழுத்துல இருக்கும்மா! ஐம்பத்தொன்பதாம் தாள்ல. அதை யார் வாயிலயோ கேட்டுட்டு வந்து நிக்கறே. அக்கா இருந்தா பொண்டாட்டி இருக்கக் கூடாதா? எனக்கும்தான் தங்கச்சியும் இருக்கா, பொண்டாட்டியும் இருக்கா.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஐஸ்காரம்மா சிரிக்கவில்லை. அவள் குரல் முதல்முறையாக இறங்கியது.

“அதுல அக்கா இருக்காளா? எழுதியிருக்கா?” என்று கேட்டாள். “எனக்கு அந்தக் கூட்டெழுத்து படிக்க வராதுய்யா. நீங்க சொல்லித்தான் இப்பத் தெரியுது.”

ஊசியக்கா பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தாள். திரும்ப மூடினாள்.

“ஒரு தடவை பாத்துட்டுப் போட்டுடறேன் சார்.”

“என்னத்தைப் பாக்கப் போறே?” என்றார் அண்ணன். “நீ தைச்சதுதானே?”

“நான் தைச்சதுங்கறதாலதான் அண்ணே.”

தொகுதியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு அவள் பைண்டிங் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

பைண்டிங் அறையில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. தாளைப் பார், எழுத்தைப் படிக்காதே. தைக்கிறவள் படிக்க ஆரம்பித்தால், தாள் எங்கே சேர்கிறது என்பதைத் தாள் சொல்லாது, கதை சொல்லும். கதைக்கு எங்கேயும் சேரத் தெரியும். அந்தச் சட்டத்தை அவள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மீறியிருக்கிறாள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், மாடித் தண்ணீர்த்தொட்டி உடைந்து நாற்பது தொகுதிகள் நனைந்தபோது. மடிப்பு விட்டு, ஊறி, ஒற்றை ஒற்றையாகப் பிரிந்த தாள்களைத் துணி காயப்போடுவது போல் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். மூலையில் எழுதியிருந்த பழைய எண்கள் கரைந்து நீலக் கறையாகிவிட்டன. எல்லாம் தைத்து முடித்த பிறகு ஒரு தாள் மிஞ்சியது. மிஞ்சினால் அவமானம். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம் வேறு. அவள் படித்துப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் ஒரு தாள் ‘கைதிக்கு உறவினர் உண்டா என்று கேட்டதற்கு’ என்று முடிந்தது. மிஞ்சிய தாள் ‘கைதியின் மனைவி ஆஜராகி’ என்று தொடங்கியது. அதே குமாஸ்தாவின் கை, அதே மை. அச்சாகப் பொருந்தியது. மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, அங்கேயே வைத்துத் தைத்துவிட்டு, ஐம்பத்தெட்டு என்று புது எண்ணும் போட்டாள். அன்றைக்கு அவளைப் பாராட்டினார்கள்கூட.

பிற்பாடு எத்தனையோ தொகுதி தைத்ததில் இன்னொரு வித்தை கைவந்தது. பூச்சித் துளை. புத்தகப் பூச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையில் நுழைந்தால் தாள் தாளாகத் துளைத்துக்கொண்டே போகும். அது போட்ட வழி மாறாது.

மொண்ணை ஊசி ஒன்றை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி தொகுதியை வைத்தாள். முன்னட்டையின் கீழ் மூலையில் கடுகளவு ஒரு துளை. அதில் ஊசியை விட்டு, தாள்களைப் புரட்டிப் புரட்டி, துளை போகிற போக்கிலேயே போனாள். முப்பது. நாற்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.

ஐம்பத்தெட்டில் ஊசி நின்றது.

இன்னொரு தரம் குத்தினாள், கொஞ்சம் தள்ளி. நின்றது. ஐம்பத்தெட்டை மட்டும் தூக்கிப் பிடித்துவிட்டு ஐம்பத்தொன்பதைப் பார்த்தாள். அங்கே கீழ் மூலையில் துளை தன் பாட்டுக்குத் தொடர்ந்தது, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல. ஐம்பத்தெட்டிலும் துளை இருந்தது. மேலே, வலப்பக்கம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. அந்தப் பூச்சி வேறு வீட்டுப் பூச்சி.

“அடிப்பாவி,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதே வாரம், அதே குமாஸ்தா எழுதிய மற்ற வழக்குகள் எந்தத் தொகுதியில் என்று அவளுக்கு மனப்பாடம். பதிவறைக்குப் போகிற வழியில், மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் ஐஸ்காரம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையெல்லாம் வெளுத்து, வெடித்து, ஐஸ் கொக்கி பிடித்த இடம் கொப்புளமாக இருந்தது.

“பாத்தாச்சா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்லை.”

“நிதானமாப் பாருங்க. இருநூறு வருஷம் பொறுத்தாச்சு, மூணு மணி வரைக்கும் பொறுக்க மாட்டேனா?” பேச்சில் குத்தல் இருந்தது. கொஞ்சம் விட்டு, “ஒண்ணு கேக்கலாமாக்கா? உங்க அண்ணன் எத்தனை வருஷம் துறைமுகத்துல வேலை பாத்தாரு?” என்றாள்.

“முப்பத்திநாலு.”

“உங்க அப்பா?”

“அவரும் அங்கதான்.”

“எங்க அப்பாவைத் துறைமுகக் கேட்டுக்குள்ளயே விடலை. ‘ஒத்தக்காதன் வகையறாவா, சரக்கு இருக்கிற இடத்துல உனக்கென்ன வேலை, போ’ன்னுட்டான். வெள்ளைக்காரன் சொல்லலை. அவன் போய் அம்பது வருஷம் கழிச்சு நம்ம ஆளு சொன்னான். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல பென்சில் காணாமப் போனா முதல்ல என் பையைத்தான் கொட்டுவாங்க.” அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். “உங்க வீட்டுல யாரோட பையையாவது கொட்டினாங்களாக்கா?”

ஊசியக்கா பதிவறைக்குள் போனாள். நாற்பத்திமூன்றாம் தொகுதி மூன்றாவது தட்டில் இருந்தது.

அண்ணன் வரும்போது மணி இரண்டேகால். இரண்டு கையிலும் டீ டம்ளர், தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“மூணு மணி நேரமா என்ன பண்றே? அந்த அதிகாரி அஞ்சு தடவை கடிகாரத்தைப் பாத்துட்டான். குடி, ஆறிடப் போகுது.” மேசையைப் பார்த்தார். “இது எதுக்கு ரெண்டு புத்தகம்?”

“உக்காரு அண்ணே.”

“நின்னே கேக்கறேன். சொல்லு.”

“முதல்ல டம்ளரைக் கீழ வை.”

அவர் வைத்தார். அவள் ஊசியை அவர் கையில் கொடுத்தாள். துளையைக் காட்டி, தாளைப் புரட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். இழுவைப் படகின் சுக்கான் பிடித்த விரல்கள். ஊசியைப் பூ மாதிரி பிடித்திருந்தன. ஐம்பத்தெட்டில் நின்றதும் அவர் நிமிர்ந்தார்.

“பூச்சிக்கு அந்தத் தாள் பிடிக்கலை போல.”

“அண்ணே.”

“என்ன அண்ணே? ஒரு பூச்சி தின்னலைங்கறதுக்காக…”

அவள் நாற்பத்திமூன்றைத் திறந்தாள். மேலே, வலப்பக்கம், இரட்டைத் துளை. பன்னிரண்டாம் தாள் வரை வந்து, பதின்மூன்றாம் தாளில் ஒரு தாள் தூரம் தாவியது போல் நகர்ந்திருந்தது. ஐம்பத்தெட்டைத் தைத்திருந்த நூலைக் காலையிலேயே அவள் நெகிழ்த்தியிருந்தாள். இப்போது அந்த ஓரத்தைத் தூக்கி இரட்டைத் துளைமேல் வைத்தாள். ஊசி கீழே வரை வழுக்கிக்கொண்டு போனது.

அவர் ஊசியை மேசைமேல் வைத்தார். பிறகு, “இது என்ன கேஸு?” என்றார்.

“திருட்டு.”

“என்ன திருட்டு?”

“கம்பெனிக் கப்பலோட நங்கூரக் கயிறு. நாற்பது பாகம் நீளம். திருடி, பிரிச்சு, திரும்பத் திரிச்சு, அதே கப்பலுக்கு வித்திருக்கான்.”

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

“தூக்குல போட்டாங்களா?”

“பன்னெண்டு கசையடி. அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவன்தான் நம்ம பாட்டன்.”

“கயிறு திருடன்.”

“ஆமா.”

“அவனுக்கு மண்டை எங்க இருக்கு?”

“யாருக்குத் தெரியும்? நிம்மதியா எங்கயோ புதைஞ்சிருக்கும்.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

“தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாம கேளு. இந்தத் துளையை யார் பாத்தா? நீயும் நானும். அதிகாரி பாப்பானா? அவனுக்கு அட்டை எது, தாள் எதுன்னே இப்பத்தான் தெரியும். நீ போய்க் கையெழுத்துப் போடு. ரெண்டு மாசத்துல உன் வேலையும் முடியுது. யாருக்கு என்ன குறைஞ்சுபோகும்?”

“அந்தம்மாவுக்கு.”

“அந்தம்மாவுக்கு என்ன? இருநூறு வருஷமா அவங்க தாய்மாமன் அங்க கண்ணாடிக்குள்ளதான் இருந்தாரு. ஒருத்தராவது போய்க் கேட்டாங்களா?”

“கேட்டிருந்தா உள்ள விட்டிருப்பாங்களா அண்ணே?”

அவர் சட்டென்று குரலை உயர்த்தினார். “கடலுக்குப் போன என் பிள்ளை விஷயத்துல எனக்கு என்ன கிடைச்சுது? சொல்லு! படகு கிடைச்சுது, வலை கிடைச்சுது, கூடப் போன நாலு பேரும் கிடைச்சாங்க. அவன் மட்டும் இல்லை. ஒரு செருப்புகூடக் கிடைக்கலை. முப்பத்திநாலு வருஷம் எவன் எவன் கப்பலையோ கரைக்கு இழுத்துட்டு வந்தேன், என் பிள்ளை ஒருத்தனை இழுத்துட்டு வர முடியலை.”

அவள் அவர் தோளில் கை வைத்தாள். அவர் உதறவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

“உன் அண்ணி ரெண்டு வருஷமா வாசக்கதவைத் தாழ் போடறதே இல்லை, தெரியும்ல? வந்தா தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதாம். போன மாசம் இந்தத் தாளை நான் படிச்சுக் காட்டினேன். கடலுக்குப் போய்த் திரும்பாத நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் வர்றாரு, மண்ணுல வைக்கப் போறோம்னேன். எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டா. அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு எனக்கு!”

வாசிப்பறை நாற்காலியில் அண்ணனைக் கொண்டுவந்து உட்கார வைத்ததே ஊசியக்காதான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரே, இங்கே வந்து எதையாவது புரட்டட்டும் என்று. கூட்டெழுத்து படிக்கச் சொல்லிக்கொடுத்ததும், நாற்பத்தொன்றைத் தட்டிலிருந்து இறக்கிக் கையில் கொடுத்ததும் அவள்தான். தன் கையால் தைத்த பொய்யைத் தன் கையாலேயே பரிமாறியிருக்கிறாள்.

“நான் தெரிஞ்சு செய்யலை அண்ணே.”

“இப்பத் தெரிஞ்சு செய்யி. எனக்காக.”

“அண்ணே…”

“கெஞ்ச வைக்காதே தங்கச்சி. அது எனக்கு வராது.”

கதவு தட்டப்பட்டது. அதிகாரியின் குரல். “அக்கா, ரெண்டே முக்கால். ரெண்டு பேரையும் என் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கேன். எடுத்துட்டு வர்றீங்களா?”

எதை எடுத்துக்கொண்டு வருவது என்று அவர் சொல்லவில்லை. அவள் இரண்டு தொகுதியையும் எடுத்தாள். அண்ணன் அதைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டு முதலில் அவர் வெளியே போனார்.

அதிகாரியின் அறையில் மூன்று நாற்காலி. ஐஸ்காரம்மா சுவரோரமாக நின்றுகொண்டாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேசையில் பாரம் விரித்து வைத்திருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து நீட்டினார்.

“போட முடியாது சார்.”

“என்னக்கா விளையாடறீங்க?”

“ஐம்பத்தெட்டாம் தாள் இந்தத் தொகுதியோடது இல்லை. நாற்பத்திமூணோடது. தொட்டி உடைஞ்ச வருஷம் நான்தான் மாத்தித் தைச்சிருக்கேன்.”

அவள் ஊசியை எடுத்து, காலையில் தனக்கும் மத்தியானம் அண்ணனுக்கும் காட்டியதை மூன்றாவது முறையாகக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

“அக்கா, இது… இதை நான் எழுதினா, நீங்க அன்னைக்குத் தைச்ச மிச்சம் முப்பத்தொம்பதையும் சந்தேகப்படணும்.”

“படணும் சார். எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும்.”

“உங்களுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. பேரு கெட்டுப் போறதுக்கு வேற நேரமே கிடைக்கலையா?”

“பேரு வச்சவங்க ஊசின்னு வச்சாங்க சார். குத்தத்தான் செய்யும்.”

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கே சிரிப்பு வரவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த சின்னக் கத்தரியை எடுத்து, நாற்பத்தொன்றின் நடு மடிப்பில் தன் பழைய நூலை வெட்டினாள். மெழுகு பூசிய நூல், இருபத்தெட்டு வருஷம் ஆகியும் கெட்டியாக இருந்தது. இரண்டு தடவை வெட்ட வேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டை உருவி எடுத்துத் தனியே வைத்தாள். ஐம்பத்தேழுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவில் இப்போது ஒன்றும் இல்லை.

“இப்பப் படிங்க சார். சேர்த்து.”

அதிகாரி குனிந்து, விரலை வைத்து, தட்டுத்தடுமாறிப் படித்தார். “‘கைதிக்கு உறவினர் உண்டா என்று கேட்டதற்கு…’” தாளைத் திருப்பினார். “‘…அக்காள் ஒருத்தி உண்டு, அவள் பேரும் இருப்பிடமும் சொல்ல மாட்டேன் என்றான். கசையால் அடித்துக் கேட்டும் சொல்லவில்லை. வேறு உறவு இல்லை என்றான்.’”

ஐஸ்காரம்மா சுவரிலிருந்து விலகி வந்தாள். “சொல்லலையா?”

“சொல்லலை.”

“அடிச்சுமா?”

“அப்படித்தான் எழுதியிருக்கு.”

அவள் வெடித்த விரலால் அந்த வரியைத் தொடப் போனாள், கறை பட்டுவிடும் என்று பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள். “சொல்லியிருந்தா அவளையும் இழுத்துட்டு வந்திருப்பாங்க,” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. “நாங்கன்னு ஒருத்தரும் இருந்திருக்க மாட்டோம்.”

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். “இருந்தாலும் பேரு இல்லை. உங்க வீடுதான் அந்த அக்கா வீடுன்னு எழுத்துல எதுவும் இல்லைம்மா. ஒரே வழிதான் இருக்கு. போட்டிக்கு யாரும் இல்லைன்னா, கேட்டவங்க ஒருத்தர்கிட்ட கல்லூரி குடுத்துடும். போட்டி இருந்தா, யாருக்கும் கிடையாது, தலை அங்கயே இருக்கும்.” அவர் அண்ணனைப் பார்க்காமல் ஒரு வெள்ளைத் தாளை மேசையின் அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். “அய்யா, ஆட்சேபணை இல்லைன்னு நீங்க எழுதித் தந்தாத்தான்.”

அண்ணன் தாளைப் பார்த்தார். ஊசியக்கா அண்ணனைப் பார்த்தாள். எழுதாமல் எழுந்து போய்விட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. போனால் அண்ணிக்கும் கிடைக்காது, அந்தம்மாவுக்கும் கிடைக்காது, நெற்றியில் எண்ணோடு ஒற்றைக்காதன் கண்ணாடிக்குள்ளேயே இருப்பான்.

“உங்க வீட்டுல கடலுக்குப் போனவங்க யாராவது திரும்பாம இருக்காங்களாம்மா?” என்று கேட்டார்.

ஐஸ்காரம்மா யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரிதான் இருந்தது. “இல்லைய்யா. எங்களை யார் படகுல ஏத்தினாங்க?”

அவர் தலையை ஆட்டினார். பேனாவை வாங்கினார். சுக்கான் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து, ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் கும்பிடக் கையெடுப்பதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஊசியக்கா பின்னாலேயே ஓடினாள். “அண்ணே! நில்லு அண்ணே!” மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினாள், முழங்கால் வலியையும் மறந்து. வாசல் தூணருகே அவர் நின்றிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. அவருடைய சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தார். அடிக்க விட்டார். நின்றது. மறுபடி அடித்தது.

அவர் திரும்பி, கையை நீட்டி, அடிக்கிற போனைத் தங்கைக்கு முன்னால் பிடித்தார்.

“உன் அண்ணிதான். எடு. நீயே சொல்லு.”